அட்டைப்பெட்டி ஸ்பீக்கர்

எங்க வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். எங்கேயாவது புதுசா ஒரு லிஃப்ட் போட்டா, இவர் போய் ஆளுங்களுக்குப் பதிலா இரும்பு எடைக்கல்லை ஏத்தி, மூணு தடவை மேல விட்டு, மூணு தடவை கீழ விட்டு, சந்தேகத்துக்கு நாலாவது தடவையும் விட்டுப் பார்த்துட்டுத்தான் சர்ட்டிபிகேட்டுல சீல் குத்துவார். நல்ல பழக்கம். லிஃப்ட்டுக்கு நல்ல பழக்கம். பொண்டாட்டி பாட்டுக் கேக்க ஸ்பீக்கர் வாங்கறதுக்கும் அதே பழக்கத்தைக் கொண்டு வந்தாரே, அதுதான் என் தலையெழுத்து.

முதல்லேருந்து சொல்லிடறேன். எனக்கு இடது காது கேக்காது. ஒன்பது வயசுல வந்த காய்ச்சல், போகும்போது அதையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. அதுல எனக்கொண்ணும் பெரிய வருத்தம் இல்லை. சொல்லப்போனா வசதிதான். கூரியர் ஆபீஸ்ல விசாரணை கவுன்ட்டர் என்னோடது. போன் வலது காதுல இருக்கும். பார்சல் வரலைன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு இடது பக்கம் நாற்காலி போட்டு வச்சிருக்கேன். என்னை மாதிரி பொறுமைசாலி யாருமில்லைன்னு ஆபீஸே பேசிக்குது. பேசட்டும், நமக்கென்ன.

வீட்டுக்காரரைப் பத்தி ஒண்ணு சொல்லணும். கல்யாணமான நாள்லேருந்து ரோட்டுல என் வலது பக்கம்தான் நடப்பார். பஸ்ல, கல்யாண வீட்டுல, ஆஸ்பத்திரில, எங்கேயும் வலது பக்கம். ஒருநாளும் மாறினதில்லை. அதுக்காகத்தான் இந்த மனுஷனை இன்னும் வச்சிருக்கேன்.

போன வருஷம் அந்த வலது காதும் மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. காது டாக்டர் ஒரு கண்ணாடி ரூம்ல உட்கார வச்சு, சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்கன்னார். அமுக்கினேன். வெளியில வந்ததும் "எப்படி இருக்கு டாக்டர்?"னு கேட்ட என்னை விட்டுட்டு, கூட வந்த இவரைப் பார்த்துச் சொல்றார்: "இந்தக் காதும் இறங்கிட்டு வருது. கூர்மையான சத்தம் முதல்ல போகும். பேச்சுக்குக் கவலைப்படாதீங்க, மெஷின் வச்சுப் பழகிக்கலாம். பாட்டுதான் மெஷின்ல அவ்வளவா நல்லா இருக்காது. பிடிச்ச பாட்டையெல்லாம் இப்பவே நல்லா கேட்டுக்கச் சொல்லுங்க. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம்னு வச்சுக்கோங்க."

எனக்கு வேற கிறுக்கு எதுவும் கிடையாது. நகை கேட்டதில்லை, ஊர் சுத்தணும்னு கேட்டதில்லை. பாட்டு மட்டும்தான். அதையும் இத்தனை வருஷமா கண்ணாடி விரிசல் விட்ட போன்ல, அடுப்பு சத்தத்துக்கு நடுவுல, பஸ் இரைச்சலுக்கு நடுவுலதான் கேட்டுட்டு வந்திருக்கேன். டாக்டர் அப்படிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்துடுச்சு. அன்னிக்குச் சாயங்காலமே இவர்கிட்ட சொன்னேன். "ஏங்க, எனக்குப் பயமா இருக்குங்க. காது போறதுக்குள்ள, நம்ம ஹால்ல, காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு பாட்டை முழுசா நல்ல சத்தத்துல கேக்கணும்."

"நான் பார்த்துக்கறேன்"னார். அங்க ஆரம்பிச்சுது சனி.

மறுநாளே வெள்ளைத்தாள், ஸ்கேல், பென்சில் எல்லாம் சாப்பாட்டு மேஜைக்கு வந்துடுச்சு. பொண்ணு காலேஜ் போறவ. அவளுக்குப் பெரிய சத்தத்துல படம் பார்க்கணும். எனக்குப் பாட்டு கேக்கணும். இவருக்கு ரெண்டும் ஒரே செலவுல முடியணும். ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கற காசுதான் மொத்த பட்ஜெட்.

"படத்துக்கு அஞ்சு ஸ்பீக்கர் வேணும். பாட்டுக்கு ரெண்டு போதும். ஆனா அந்த ரெண்டும் நல்லதா இருக்கணும்"னு பாடம் எடுத்தார். "அஞ்சு மட்டமானதை வாங்கினா படம் இடிஇடின்னு இடிக்கும், பாட்டு தகரம் தட்டின மாதிரி இருக்கும். அதனால காசுல பாதிக்கு மேல முன்னாடி நிக்கிற ரெண்டுக்கு. பின்னாடி வைக்கிறதை அப்புறமா ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம்."

இதுல தப்பு சொல்ல எதுவுமே இல்லை. அதே வாரம் போய் அந்த ரெண்டை வாங்கியிருந்தா இந்தக் கதையே இருந்திருக்காது.

வாங்கலை. ரூம் எப்படின்னு தெரியாம ஸ்பீக்கர் வாங்கக் கூடாதாம். அதனால ஒரு மாசம் ஹால்ல மூலைக்கு மூலை நின்னு கை தட்டினார். எதிரொலி வருதான்னு பார்க்கறாராம். கீழ் வீட்டு டீச்சர் மாடி ஏறி வந்து, "யாருக்காவது பரிசு கிடைச்சிருக்கா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அப்புறம் தடிமனா ஒரு கர்ட்டன் வந்துச்சு. அது வந்ததும் எதிரொலி செத்துப்போச்சுன்னு இன்னொரு மாசம் கை தட்டினார்.

மூணாவது மாசம் பார்த்து வந்து சேர்ந்துச்சு அந்த அட்டைப்பெட்டிங்க. லிஃப்ட்ல ஆளுக்குப் பதிலா எடைக்கல் ஏத்தற மனுஷன் இல்லையா? ஸ்பீக்கருக்குப் பதிலா, அதே உயரம் அதே அகலத்துல அட்டையை வெட்டி ஒட்டி, கவிழக் கூடாதுன்னு உள்ளே செங்கல் வச்சு, அஞ்சு பெட்டி செஞ்சு ஹால்ல நிறுத்திட்டார். நடக்க இடம் இருக்கா, கதவு திறக்குதா, கண்ணுக்கு உறுத்தாம இருக்கான்னு ரெண்டு வாரம் பழகிப் பார்க்கணும்னார். ரெண்டு வாரம் ஆறு மாசமாச்சு. தினமும் அதுங்களுக்கு நான் தூசி தட்டினேன். வாய் இல்லாத ஸ்பீக்கருக்குத் தூசி தட்டின பொம்பளை உலகத்துலேயே நான் ஒருத்திதான்.

என் நாத்தனார் ஒருநாள் வந்து பார்த்துட்டு, "என்ன அண்ணி, வீட்டைக் காலி பண்றீங்களா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"ன்னு கண்ணைக் கசக்கினா. அவளை என் இடது பக்கம் உட்கார வச்சு, தலையை மட்டும் ஆட்டிட்டு இருந்தேன்.

தாள்ல பிளான் மட்டும் மாறிட்டே இருந்துச்சு. இந்த ஆம்ப்ளிஃபயர் இல்லை, அந்த ஆம்ப்ளிஃபயர். இல்லை, பழசா நல்லதா ஒண்ணு கிடைச்சா காசு மிச்சம். இல்லை, பழசுக்கு கேரண்டி கிடையாது. சோபாவுலேருந்து இடது ஸ்பீக்கர் இவ்வளவு அடி, வலது ஸ்பீக்கர் இவ்வளவு அடி, நடுவுல உட்கார்றவங்களுக்குத்தான் சத்தம் சரியா சேரும். அந்த நடு இடத்துல தரையில சாக்பீஸால வட்டம் போட்டு, "இதுதான் உன் இடம்"னார். அந்த வட்டத்துல நாற்காலி போட்டு, ரெண்டு அட்டைப்பெட்டியைப் பார்த்துட்டு உட்கார்ந்தேன். "எப்படி இருக்கு?"ன்னு வேற கேட்டார். "ரொம்ப அமைதியா இருக்கு"ன்னேன். எழுதி வச்சுக்கிட்டார்.

ஒன்பதாவது மாசம் எனக்குப் பொறுமை விட்டுப்போச்சு. "டாக்டர் ஒரு வருஷம்னுதான் சொன்னார். நீங்க அரைச்ச மாவையே அரைச்சுட்டு இருக்கீங்க. என் காது உங்க பிளானுக்காகக் காத்துட்டு நிக்காது. இன்னிக்குக் கடைக்கு வர்றீங்களா, இல்லை நான் மட்டும் போகட்டுமா?"ன்னு செருப்பை மாட்டிட்டு வாசல்ல நின்னேன். தாளை மடிச்சுப் பையில போட்டுட்டு வந்தார். வலது பக்கம் நடந்து.

கடையில சத்தம் கேட்டுப் பார்க்க தனி ரூம் இருக்கு. கடைக்காரர் இவரோட தாளைப் பார்த்து, "இவ்வளவு விவரமா யாரும் வந்ததில்லை சார்"னார். இவருக்கு முகமெல்லாம் பல்லு. நடுவுல ஒரு நாற்காலி. ரெண்டு பக்கமும் பளபளன்னு ஸ்பீக்கர். என்னை உட்கார வச்சு, வயலினோட ஒரு பாட்டு போட்டாங்க.

குரல் கண்ணாடி மாதிரி வந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு, பொய் சொல்லலை. ஆனா வயலின் மட்டும் பக்கத்து வீட்டுல வாசிக்கிற மாதிரி இருந்துச்சு.

"வயலின் மங்கலா இருக்கே"ன்னேன்.

"அது இடது பக்கம் வர்றது மேடம்"னார் கடைக்காரர். இவர் உடனே எழுந்துட்டார். "இடது ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறு"ன்னு தீர்ப்பே சொல்லிட்டார்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. இடது பக்கத்துலேருந்து வர்ற சத்தம், என் மண்டையைச் சுத்திக்கிட்டு வலது காதுக்கு வந்து சேர்றதுக்குள்ள பாதி செத்துப்போகுது. இவ்வளவுதான் விஷயம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லலை. எனக்கு அவ்வளவு கோபம். பத்தொன்பது வருஷம் குடும்பம் நடத்தின பொண்டாட்டிக்கு எத்தனை காதுன்னு இவரா கண்டுபிடிக்கட்டும்னு கையைக் கட்டிட்டு உட்கார்ந்தேன்.

இவர், கடைக்காரர், கடைப்பையன்னு ஆம்பளைங்க மூணு பேர் ஸ்க்ரூடிரைவரோட வேலையில இறங்கினாங்க. முதல்ல ஒயரை மாத்தினாங்க. "இப்ப?" "மங்கல்தான்." இடது ஸ்பீக்கரைத் தூக்கி வலது பக்கம் வச்சு, வலதை இடதுல வச்சாங்க. "இப்ப?" "இடது பக்கம் மங்கல்தான்." பெட்டி பிரிக்காத புது ஜோடியையே கொண்டு வந்தாங்க. "மங்கல்." ஆம்ப்ளிஃபயரையே மாத்தினாங்க. முக்கால் மணி நேரம் ஆச்சு. கடைக்காரருக்கு வேர்த்து ஊத்துது. ரோட்டுல போன ரெண்டு பேர் உள்ளே வந்து வேடிக்கை பார்க்கறாங்க. எங்க வீட்டுக்காரர் மட்டும் சுறுசுறுப்பா இருந்தார். கோளாறு கண்டுபிடிக்கிறதுதானே அவர் வேலை?

"பதட்டப்படாதீங்க"ன்னு கடைக்காரருக்கே தைரியம் சொன்னார். "எங்க வேலையில ஒரு முறை இருக்கு. ஒவ்வொரு பாகமா மாத்திட்டே வரணும். எதை மாத்தியும் கோளாறு போகலைன்னா, எதை இன்னும் மாத்தலையோ அங்கதான் கோளாறு. ஒயர் மாத்தியாச்சு. ஸ்பீக்கர் மாத்தியாச்சு. ஆம்ப் மாத்தியாச்சு. மாத்தாதது ஒண்ணே ஒண்ணு…"

திரும்பி நாற்காலியைப் பார்த்தார். அதுல நான்.

"சொல்லுங்க. என்னை மாத்தணுமா?"ன்னேன்.

இவர் கையில இருந்த தாள் கீழே விழுந்துச்சு. கடைக்காரருக்கு ஒண்ணும் புரியலை. நானே சொன்னேன். "எனக்கு இடது காது கேக்காதுங்க. சாருக்குத் தெரியும். ஒன்பது மாசம் எல்லாத்தையும் அளந்தார், இதை மட்டும் அளக்கலை."

கடைக்காரர் நல்ல மனுஷர், சிரிக்கலை. "அப்போ உங்களுக்கு ரெண்டு ஸ்பீக்கரே வேண்டாமே மேடம்"னார். "ரெண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒண்ணா கலந்து ஒரே ஸ்பீக்கர்ல விடலாம். இந்தச் சின்ன ஆம்ப்லேயே அதுக்கு ஸ்விட்ச் இருக்கு. ஸ்பீக்கருக்கு வலது காதைக் காட்டி உட்கார்ந்தீங்கன்னா எல்லாம் வந்துடும். ஒத்தை ஸ்பீக்கர் ஒண்ணு என்கிட்ட கிடக்கு. ரொம்ப நல்ல பொருள். அதோட ஜோடி வண்டியிலேருந்து விழுந்து உடைஞ்சுபோச்சு. ஒத்தையா யாரும் வாங்க மாட்டேங்கறாங்க."

பட்ஜெட்ல கால்வாசிகூட ஆகலை. பட்ஜெட்டுக்குள்ள முடிக்கணும்னு ஒன்பது மாசம் மண்டையை உடைச்சவர், மிச்சக் காசைப் பையில வச்சுக்கிட்டு, ஸ்பீக்கரைத் தோள்ல சுமந்துக்கிட்டு, வந்தார். வலது பக்கம்.

"ஒன்பது மாசமும் இந்தப் பக்கம்தானே நடந்தீங்க?"ன்னேன்.

"காலுக்கு ஞாபகம் இருக்கு"ன்னார். "தலைக்குத்தான் மறந்துபோச்சு."

"சரி, மறந்துச்சு. கை தட்டினீங்க, செங்கல் வச்சீங்க, வட்டம் போட்டீங்க. எதுக்கு இவ்வளவு இழுத்தடிச்சீங்க? அதைச் சொல்லுங்க."

ஸ்பீக்கரை இறக்கி ஒரு கடை வாசப்படியில வச்சார். மூச்சு வாங்கிச்சு. "வாங்கி வச்சுட்டா நீ தினமும் கேப்ப. தினமும் கேட்டா, எது குறையுதுன்னு தினமும் தெரியும். ஒருநாள் என்கிட்ட வந்து சொல்லுவ. அதைக் கேக்க எனக்குத் தெம்பு இல்லை. பிளான் முடியாதவரைக்கும் உன் காதும் அப்படியே இருக்கும்னு… முட்டாள்தனம்தான்."

எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, பத்திக்கிட்டும் வந்துச்சு. ரெண்டாவதுதான் ஜாஸ்தி. "உங்க பயத்துக்குச் செலவழிக்க என் காதுதான் கிடைச்சுதா?"ன்னு நடுரோட்டுல கத்திட்டேன். எதிர்ல வந்த அம்மா ஒதுங்கிப் போனாங்க. இவர் திரும்பவும் ஸ்பீக்கரைத் தூக்கிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையா ஒரு அட்டைப்பெட்டியை எட்டி உதைச்சேன். உள்ளே செங்கல். கட்டைவிரல் வீங்கிப்போச்சு. பொண்ணு ஓடி வந்து ஐஸ் வச்சா. அவ முகத்தைப் பார்த்தா சிரிப்பை அடக்கறது நல்லாவே தெரிஞ்சுது.

அன்னிக்கு மத்தியானமே பாட்டு போட்டோம். அளவு எடுக்கலை, வட்டம் போடலை. ஸ்பீக்கர் சாப்பாட்டு மேஜை மேல. நான் அதுக்கு வலது காதைக் காட்டி, வீங்கின காலை நீட்டி உட்கார்ந்தேன். வலது பக்கம் முழுக்க ஸ்பீக்கருக்குப் போயிட்டதால, வீட்டுக்காரர் வேற வழியில்லாம என் இடது பக்கம் நாற்காலி போட்டுக்கிட்டார். பொண்ணு எதிர்ல தரையில உட்கார்ந்தா.

எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு. எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். ஹால் முழுக்க நிறைஞ்சு வந்துச்சு. வயலின் என் பக்கத்துலேயே வாசிச்சுது. பாடற அம்மா மூச்சு இழுக்கறதுகூடக் கேட்டுச்சு. ஒத்தை ஸ்பீக்கர்தான், ஆனா எதுவுமே குறையலைன்னு நினைச்சேன். கண்ணை மூடிட்டேன்.

முதல் சரணம் முடிஞ்சதும் பொண்ணு, "அம்மா, அந்த மணி சத்தம் சூப்பர்ல? போன்ல இவ்வளவு கிளியரா கேட்டதே இல்லை"ன்னா.

"எந்த மணி?"ன்னேன்.

கேட்டதுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. ஒவ்வொரு சரணம் முடியும்போதும் சின்னதா ஒரு மணி, ஒரே ஒரு தடவை, டிங்னு. போன வருஷம் வரைக்கும் பஸ் இரைச்சல்லகூட, அந்த விரிசல் போன்ல, எனக்கு அது கேட்டிருக்கு. இப்ப, இவ்வளவு நல்ல ஸ்பீக்கர்ல, அமைதியான ஹால்ல, கேக்கலை.

பொண்ணு வாயைப் பொத்திக்கிட்டா. நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப்போச்சு. ஆறுதலா ஏதாவது சொல்லியிருக்கலாம். மனசு வரலை. ஒன்பது மாசம். அந்த மணி எப்ப போச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. கர்ட்டன் வாங்கின மாசம் போயிருக்கலாம், வட்டம் போட்ட மாசம் போயிருக்கலாம். எனக்கு அந்தாளைப் பிடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு.

ஆனா பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. ரெண்டாவது சரணம். அதைத் தவறவிட எனக்கு மனசில்லை. திரும்பி உட்கார்ந்தேன்.

சரணம் முடியற இடத்துல, என் இடது கை மேல விரலால ஒரு தட்டு விழுந்துச்சு. ஒரே ஒரு தட்டு. மணி எங்க விழணும்னு எனக்கு மனப்பாடம். அதுக்கு அரை நொடி கழிச்சு விழுந்துச்சு.

"லேட்டு"ன்னேன், திரும்பாமலே.

இடது பக்கத்துலேருந்து அவர் ஏதோ சொன்னார். அந்தப் பக்கம் எனக்கு எங்க கேக்கறது? பொண்ணு அப்பாவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு.

"அம்மா, அப்பா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறார்மா."

"பாட்டு முடியட்டும்னு சொல்லு"ன்னேன். கையை மட்டும் எடுக்கலை. இன்னும் ரெண்டு சரணம் பாக்கி இருந்துச்சு.